நாகசாகியில் படத்தை மிதித்தவர்களின் கோவில்

ஜப்பான் பக்கம் போகிற பெரிய சுற்றுலாக் கப்பல்கள் நாகசாகியில் ஒரு பகல் நிற்கும். காலையில் இறங்கினா சாயங்காலம் ஏறிடணும். பெரும்பாலானவங்க அணுகுண்டு அருங்காட்சியகம், அமைதிப் பூங்கா, ஒரு கிண்ணம் சாம்போன் நூடுல்ஸ்னு நாளை முடிச்சிடுவாங்க. தப்பில்லை. ஆனா கப்பல் கட்டியிருக்கிற மாட்சுகாயே துறையிலிருந்து மேட்டில் பத்து நிமிஷம் நடந்தா ஒரு சின்ன கத்தோலிக்கக் கோவில் இருக்கு. அதைப் பத்தித்தான் இந்த இழை. நீளம் அதிகம், பொறுமையா படிங்க.

(கொரோனா ஆரம்பத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பல் ஞாபகம் இருக்கா? அதைக் கட்டினதே இந்த ஊர்க் கப்பல் தளத்தில்தான். சரி, விஷயத்துக்கு வருவோம்.)

கோவிலின் பெயர் ஓவுரா தேவாலயம். பாதை நெடுக காஸ்டெல்லா கேக் விற்கிற கடைகள். அப்புறம் படிக்கட்டு, அதன் உச்சியில் வெள்ளை மாதா சுரூபம், பின்னால் ஒற்றைக் கோபுரம். 1864 கடைசியில் கட்டி முடிச்சாங்க. கட்ட வெச்சது பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள். கட்டினது கோயாமா ஹிதேனோஷின் என்கிற ஜப்பானியர். அவருடைய ஆட்கள் அதுவரை ஐரோப்பியக் கோவில் ஒன்றைக் கட்டினவங்க இல்லை. உள்ளே அண்ணாந்து பார்த்தா கூரை வளைவுகள் பிரான்ஸ் கல் கோவில் மாதிரியே இருக்கும். ஆனா அது கல் இல்லை. மரச்சட்டம், மூங்கில் பிளாச்சு, மேலே சுண்ணாம்புச் சாந்து. தங்கள் ஊர் வீட்டுச் சுவர் கட்டுற வித்தையை வெச்சே ஐரோப்பாவை வளைச்சுட்டாங்க! 1870களில் அகலப்படுத்தினாங்க. இப்போ இது தேசியப் பொக்கிஷம். 2018ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. அதுவும் நல்லதுக்குத்தான், கண்ணால பார்ப்பீங்க.

கோவில் அர்ப்பணிக்கப்பட்டது 26 வேதசாட்சிகளுக்கு. 1597 பிப்ரவரி 5 அன்று இதே ஊரின் நிஷிசாகா குன்றில் சிலுவையில் கட்டி ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டவங்க. கியோட்டோ பக்கம் பிடிச்சு, இடது காதில் ஒரு துண்டை அறுத்து, குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திக் கூட்டி வந்தாங்க. கூட்டத்தில் 12 வயசுப் பையனும் உண்டு. கியோட்டோவில் ஃபிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் மருத்துவமனை நடத்தினாங்க. அங்கே வேலை செய்தவங்களும், ஃபிரான்சிஸ் என்று ஞானஸ்நானப் பெயர் கொண்ட ஒரு ஜப்பானிய மருத்துவரும் இந்த 26 பேரில் அடக்கம். இன்னொரு பெயரை நம்மில் நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்: கொன்சாலோ கார்சியா. மும்பைக்குப் பக்கத்தில் வசாயில் பிறந்தவர், அம்மா இந்தியர். 1862ல் இந்த 26 பேருக்கும் புனிதர் பட்டம் கொடுத்தபோது இந்தியாவில் பிறந்த முதல் புனிதர் ஆனார்.

ஆக, கோவிலின் பெயர் உயிரே போனாலும் மறுதலிக்காதவங்களுக்கு. ஆனா இந்தக் கோவிலை உலகப் புகழாக்கினது வேறொரு கூட்டம். அவங்களுக்கு யாரும் புனிதர் பட்டம் கொடுக்கலை. அவங்க கதைக்குப் போக கொஞ்சம் பின்னால போகணும்.

ஜப்பானுக்கு முதலில் கிறிஸ்தவம் கொண்டுபோனவர் நம்ம ஊருக்குத் தெரிந்தவர்தான், சவேரியார். 1542லிருந்து முத்துக்குளித்துறைக் கரையில் இருந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துகீசியம் தெரிந்த உள்ளூர்க்காரங்களை வெச்சு ஜெபங்களைத் தமிழில் எழுத வெச்சு, தானே மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாப் போய் பிள்ளைகளைக் கூட்டி ஒப்பிக்க வெச்சார். குருவானவர் இல்லாத ஊரில் ஜெபம் சொல்லிக் கொடுக்கவும், அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் கணக்கப்பிள்ளைகளை நியமிச்சார். இதே மனுஷன்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினது. நாகசாகிக்கு வரலை, பக்கத்தில் ஹிராடோ வரைக்கும் வந்தார். மனப்பாடமும் கணக்கப்பிள்ளையும்! இந்த ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

நாகசாகியில் முதலில் போதிச்சவர் ஒரு டாக்டர் என்பது எனக்குத் தனி சந்தோஷம். லூயிஸ் தெ அல்மெய்தா, லிஸ்பனில் அறுவை சிகிச்சைக்கு உரிமம் வாங்கியவர். வியாபாரியா வந்து, சேசு சபையில் சேர்ந்து, ஜப்பானின் முதல் மேற்கத்திய பாணி மருத்துவமனையை இன்றைய ஓய்தா நகரில் தொடங்கினார். 1567ல் நாகசாகி வந்தார். அப்போ இது மீனவ ஊர். சில வருஷத்திலேயே போர்த்துகீசியத் துறைமுகம் ஆகி, ஊரே ஏறக்குறைய கிறிஸ்தவம் ஆச்சு.

1614ல் நாடு முழுக்கத் தடை. குருக்களை வெளியேத்தினாங்க, ஒளிஞ்சவங்களைக் கொன்னாங்க. 1637–38ல் ஷிமாபாரா கலகம். அதில் கிறிஸ்தவ விவசாயிகள் நிறைய பேர் இருந்ததால் அரசாங்கத்தின் பயம் வெறியாச்சு. போர்த்துகீசியரைத் துரத்திட்டு, வியாபாரத்துக்கு டச்சுக்காரங்களை மட்டும் தேஜிமா என்கிற கையளவு தீவில் அடைச்சு வெச்சாங்க.

சித்திரவதை முறைகளை விவரிக்க விருப்பம் இல்லை. ஒன்று மட்டும், அது மருத்துவம் தெரிந்த மூளை என்பதால் சொல்றேன். குழிக்குள் தலைகீழாகத் தொங்க விடுவாங்க. தலையில் ரத்தம் தேங்கி ஆள் சீக்கிரம் போயிடக் கூடாதுன்னு நெற்றிப்பொட்டுப் பக்கம் சின்னதா ஒரு கீறல் போட்டு வடிய விடுவாங்க. நோக்கம் கொல்றது இல்லை, மறுதலிக்க வைக்கிறது. செத்தவன் ஊருக்கு வேதசாட்சி ஆயிடுவான். மறுதலிச்சவன் ஊரையே உடைப்பான். 1633ல் இந்தக் குழியில் மறுதலிச்ச போர்த்துகீசியக் குரு ஃபெரைராவின் கதையை எண்டோ ஷுசாகுவின் ‘மௌனம்’ நாவலிலோ ஸ்கோர்செஸி படத்திலோ பார்த்திருப்பீங்க.

அடுத்து வந்ததுதான் ‘ஃபுமியே’. மிதிக்கிற படம் என்று அர்த்தம். நாகசாகியில் புத்தாண்டு பிறந்ததும் அதிகாரிகள் வீடு வீடா வருவாங்க. இயேசு அல்லது மாதா உருவம் பொறித்த தகடு தரையில் இருக்கும். வீட்டில் உள்ள எல்லாரும் வெறுங்காலால் மிதிக்கணும், கைக்குழந்தையின் பாதத்தையும் வெச்சு எடுக்கணும். 1669ல் இதுக்குன்னே ஒரு வார்ப்பாளரிடம் சொல்லி 20 தகடுகள் வார்த்து வாங்கினாங்க. அருங்காட்சியகங்களில் இருக்கிறதைப் பாருங்க, முகம் தேய்ஞ்சு மூக்கும் கண்ணும் மழுங்கிப் போயிருக்கும். எத்தனை ஆயிரம் பாதங்கள்!

மிதிக்காதவங்க பிடிபட்டாங்க. பெரும்பாலானவங்க மிதிச்சாங்க. மிதிச்சிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு ஒரு ஜெபம் சொன்னாங்க. ‘கொஞ்சிரிசான்’ என்பது அதன் பெயர், மனஸ்தாபம் என்பதற்கான போர்த்துகீசியச் சொல்லின் மருவு. நம்ம கத்தோலிக்க நண்பர்களுக்கு ‘உத்தம மனஸ்தாப மந்திரம்’ தெரியும். பாவசங்கீர்த்தனம் கேட்க குருவானவர் இல்லாத நிலையில், மனசார வருந்தினா மன்னிப்பு உண்டு என்கிற போதனை. தடை வர்றதுக்கு முன்னாலேயே, 1603ல், இதைப் பத்தி ஜப்பானிய மொழியில் ஒரு கைநூல் அச்சிட்டிருந்தாங்க. அதைக் கையால் நகலெடுத்து, அப்புறம் வாயாலேயே கடத்தினாங்க. ஒவ்வொரு வருஷமும் காலால் மறுதலிக்கிறது, ராத்திரி வருந்துறது. இப்படி இருநூறு வருஷத்துக்கு மேல.

யோசிச்சுப் பாருங்க. அத்தனை பேரும் அந்த 26 பேர் மாதிரி நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க. நான் இதை வீரத்தைக் குறைச்சுச் சொல்லலை. ஆனா கோவில்கள் எப்பவும் ஒரு வகை ஆளுக்குத்தான் சுரூபம் வைக்கும். இன்னொரு வகை ஆள் வெட்கத்தோடு வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்து, மறுநாள் வயலுக்குப் போறான். அவனுக்குச் சுரூபம் கிடையாது.

எப்படிக் காப்பாத்தினாங்க? ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது புத்த மடத்தில் பதிவு செய்யணும், சாவுக்கு அந்த மடத்துப் பிக்குதான் வரணும். அவர் மந்திரம் சொல்லிட்டுப் போனதும் இவங்க அதை ‘அழிக்கிற’ ஜெபம் ஒன்று சொல்வாங்க. வீட்டில் சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் பீங்கான் கன்னோன் சிலை. கருணையின் உருவமான போதிசத்துவர். வந்து பார்க்கிற அதிகாரிக்கு அது கன்னோன், வீட்டுக்காரங்களுக்கு மாதா. ஊருக்குள் பொறுப்புகளைப் பிரிச்சிருந்தாங்க. நாட்காட்டி வெச்சுத் திருநாள் கணக்கிட்டுச் சொல்ல ஒருத்தர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருத்தர், செய்தி சொல்லிப் போக ஒருத்தர். அதே கணக்கப்பிள்ளை ஏற்பாடுதான், பெயர்தான் வேற. ஜெபங்கள் லத்தீனும் போர்த்துகீசியமும் ஜப்பானியமும் கலந்தவை, அர்த்தம் தெரியாமலேயே மனப்பாடம்.

எங்க தொழிலில், ராத்திரி ஷிஃப்ட்டிலிருந்து காலை ஷிஃப்ட்டுக்கு நோயாளிகளை ஒப்படைக்கிறப்பவே விஷயம் தவறும். இத்தனைக்கும் கேஸ் ஷீட்டில் எழுதியே இருக்கும். எழுத்து பிடிபட்டா உயிர் போகும் என்கிற நிலையில் ஏழு தலைமுறை ஒப்படைப்பு நடந்திருக்கு. ஏழு தலைமுறை கழிச்சு குருக்கள் கறுப்புக் கப்பலில் திரும்பி வருவாங்க என்று பஸ்தியான் என்கிற உபதேசியார் சொல்லிட்டுப் போனதாக ஒரு வாய்மொழியும் இருந்தது.

இப்போ 1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை, மத்தியானம். துறைமுகங்கள் திறந்தாச்சு, ஆனா ஜப்பானியருக்குத் தடை அப்படியே இருக்கு. ஓவுரா கோவில் வெளிநாட்டினருக்கு மட்டும்தான். ஊர்க்காரங்க அதை ‘பிரெஞ்சுக் கோவில்’னு சொல்லி வேடிக்கை பார்க்க வருவாங்க. அன்னைக்கு உரகாமி கிராமத்திலிருந்து பதினைஞ்சு பேர் வந்து வாசலில் நின்னாங்க. பெத்திஜான் என்கிற குருவானவர் கதவைத் திறந்து உள்ளே கூட்டிட்டுப் போய் முழங்கால் போட்டார். ஒரு நடுத்தர வயசு அம்மா அவர் பக்கத்தில் வந்து, தங்கள் எல்லாருடைய மனசும் அவர் மனசும் ஒன்றுதான் என்று மெதுவாச் சொன்னாங்க. அப்புறம் கேட்டது, மாதா சுரூபம் எங்கே இருக்கு? காட்டினார். கையில் குழந்தையைப் பார்த்ததும் அவங்களுக்கு உறுதியாச்சு. இன்னைக்கும் அந்தச் சுரூபம் உள்ளே பீடத்தைப் பார்த்து நின்னா வலப்பக்கச் சிறு பீடத்தில் இருக்கு. போறவங்க இதைத் தவற விடாதீங்க.

ஒரு விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். துக்க காலத்தின் 17ஆம் நாள் இன்னைக்கு, நீங்களும் கடைப்பிடிக்கிறீங்களா என்று அவங்க பெத்திஜானிடம் கேட்டாங்க. தவக்காலத்தைத்தான் சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1865ல் ஈஸ்டர் ஏப்ரல் 16. (ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட புனித வெள்ளி அதற்கு ரெண்டு நாள் முன்னால்.) அப்போ சாம்பல் புதன் மார்ச் 1. மார்ச் 17 சரியா 17ஆவது நாள்! ரோமோடு தொடர்பே இல்லாத விவசாயிகள் இருநூறு வருஷத்துக்கு மேல நாள் தவறாம எண்ணியிருக்காங்க.

இந்தக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் இங்கே நிறுத்திடுவாங்க. வாசல் சிற்பமும் இந்தக் காட்சியோடு சரி. அடுத்து நடந்தது அவ்வளவு அழகா இல்லை.

குருக்கள் ரகசியமா உரகாமி போய்ப் பூசை வெச்சாங்க, போதிச்சாங்க. மிதிக்கிற சடங்கு 1850களின் கடைசியிலேயே ஓய்ந்து போச்சு. ஆனா புத்த மடச் சாவுச் சடங்கு இருந்தது. இத்தனை தலைமுறையா வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று சமாளிச்சவங்க, குருவானவர் வந்த பிறகு அப்படிச் சமாளிக்க முடியலை. பிக்குவைக் கூப்பிடாமலே அடக்கம் செய்தாங்க. 1867 ஜூலையில் ஒரு ராத்திரி 68 பேர் கைது. அடியில் ஏறக்குறைய எல்லாரும் மறுதலிச்சாங்க, தகாகி சென்எமோன் என்ற ஒருத்தரைத் தவிர. விட்டு வீட்டுக்கு வந்தவங்களில் பலர் தாங்காம திரும்பப் போய், நாங்க சொன்னதை வாபஸ் வாங்குறோம்னு சொன்னாங்க. பழைய வழக்கம்தான், காலால் மறுத்து மனசால் திரும்புறது. இந்த முறை அதை அதிகாரி முன்னாலேயே செய்தாங்க.

அதற்குள் ஆட்சி மாறி மெய்ஜி அரசு. நவீன அரசு, ரயில், தந்தி எல்லாம் கொண்டுவரப் போற அரசு. அதே அரசு உரகாமி கிராமத்தையே பிடுங்கி, சுமார் 3,400 பேரை நாட்டின் பல மூலைகளுக்கு நாடு கடத்தினது. சுவானோ என்ற மலை ஊரில் பனி உறைஞ்ச குளத்தில் தள்ளினாங்க, நிமிரவோ காலை நீட்டவோ முடியாத மூணடிக் கூண்டில் அடைச்சாங்க. ஈர உடம்போடு குளிரில் கிடக்கிறவருக்கு முதலில் நடுக்கம், அப்புறம் குழப்பம், அப்புறம் தூக்கம் மாதிரி ஒரு நிலை. பட்டினி உடம்பில் அது இன்னும் சீக்கிரம் வரும். 600க்கும் மேற்பட்டவங்க திரும்பலை. வெளிநாடுகளின் அழுத்தத்தில் 1873ல் தடைப் பலகைகளை எடுத்தாங்க, மிஞ்சினவங்க ஊர் திரும்பினாங்க. அந்த வருஷங்களை உரகாமிக்காரங்க ‘பயணம்’ என்று ஒரே சொல்லில் குறிப்பிடுவாங்களாம்.

திரும்பி வந்த மறு வருஷமே வயிற்றுக் கடுப்பு, ரத்தபேதி. வீடு இல்லை, கலப்பை இல்லை, நல்ல தண்ணி இல்லை. பரவாம என்ன செய்யும்? ஓவுரா கோவிலிலிருந்து மார்க் தெ ரோ என்ற குருவானவர் மருந்துப் பெட்டியோடு உரகாமிக்கு வந்தார். நாடு கடத்தலிலிருந்து மீண்ட இவநாகா மாகி என்ற இளம் பெண்ணும் தோழிகளும் அவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தாங்க. அனாதையான பிள்ளைகளை வளர்க்கத் தொடங்கினதும் இவங்கதான். கோவிலை ஒட்டி இருக்கிற பழைய குருமடக் கட்டிடம் தெ ரோ வடிவமைச்சது. உள்ளே கண்காட்சி இருக்கு, பத்து நிமிஷத்தில் ஓடிடாதீங்க.

1880ல் உரகாமி மக்கள் கோவிலுக்கு ஓர் இடம் வாங்கினாங்க. எது தெரியுமா? பழைய கிராமத் தலைவரின் வீடு. வருஷா வருஷம் அவங்களை வரிசையில் நிறுத்திப் படத்தை மிதிக்க வெச்ச அதே இடம். அங்கே செங்கல் செங்கலா சேர்த்து 1914ல் பேராலயத்தை முடிச்சாங்க.

1945 ஆகஸ்ட் 9, காலை 11:02. குண்டு வெடிச்சது பேராலயத்திலிருந்து சுமார் 500 மீட்டரில். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாளுக்காக அப்போ உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துக்கிட்டிருந்தது. குருக்களும் காத்திருந்தவங்களும் அங்கேயே போனாங்க. 12,000 பங்கு மக்களில் சுமார் 8,500 பேர் இறந்ததாகக் கணக்கு. ஓவுரா கோவில் குன்றுகளின் மறைவில் இருந்ததால் கூரையும் கண்ணாடியும் சேதமானதோடு தப்பிச்சது.

நாகசாகி மருத்துவக் கல்லூரியின் கதிரியக்கப் பேராசிரியர் தகாஷி நாகாய் பத்தி டாக்டர்கள் தெரிஞ்சுக்கணும். போர்க்காலத்தில் எக்ஸ்ரே ஃபிலிம் கிடையாது. காசநோயாளிகளை ஃப்ளூரோஸ்கோப் திரையில் நேரடியாப் பார்த்துப் பார்த்தே கதிர்வீச்சு வாங்கி, குண்டு விழுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாலேயே அவருக்கு ரத்தப் புற்றுநோய் உறுதியாயிடுச்சு. மனைவி மிடோரி, நாட்காட்டி காத்த உரகாமித் தலைவர்களின் வம்சம். குண்டில் அவங்க போனாங்க. மூணாம் நாள் வீட்டுச் சாம்பலில் எலும்போடு உருகின ஜெபமாலையைத்தான் நாகாய் எடுத்தார். காயத்தோடும் நோயோடும் கிராமங்களில் சிகிச்சை கொடுத்து, படுத்த படுக்கையில் புத்தகங்கள் எழுதி, 1951ல் 43 வயசில் இறந்தார். உரகாமி பலியாத் தேர்ந்தெடுக்கப்பட்டதுன்னு அவர் ஒரு விளக்கம் சொன்னார். மனுஷன் மேல எனக்கு அவ்வளவு மரியாதை, ஆனா அந்த விளக்கத்தை என்னால் ஏத்துக்க முடியலை. குண்டைப் போட்டது மனுஷங்க. பிழைச்சவங்களிலேயே அவரை மறுத்துப் பேசினவங்க உண்டு.

இன்னொன்று. தடை நீங்கின பிறகும் எல்லாரும் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பலை. ஹிராடோ பக்கத்து இகிட்சுகி தீவு போன்ற இடங்களில் சில குடும்பங்கள், முன்னோர் சொல்லிக் கொடுத்தபடியேதான் இருப்போம்னு தனியாவே இருந்துட்டாங்க. அவங்க ஜெபம் இன்னும் வாயில் இருக்கு, ஒப்பிக்கிறவங்கதான் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

நேரம் இருந்தா இதையும் செய்யுங்க. ஓவுரா கோவிலுக்குக் கீழே ட்ராம் நிறுத்தம் இருக்கு. ஏறி, சீனத் தெரு நிறுத்தத்தில் மாறினா அமைதிப் பூங்கா. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் 1959ல் திரும்பக் கட்டின உரகாமிப் பேராலயம். அதன் சரிவில் பழைய மணிக்கோபுரத்தின் குவிமாடம், குண்டு வீசினபோது உருண்டு விழுந்த இடத்திலேயே கிடக்கு. கப்பலுக்குத் திரும்ப ஒரு மணி நேரம் ஒதுக்கி வெச்சுக்கோங்க, சாயங்காலம் ட்ராமில் கூட்டம் இருக்கும்.